ஒன்பது சொல்லில் ஒரு பதில்: வெடிபொருள் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெடிபொருள் உரிமக் கோப்புகளைக் கையாளும் அதிகாரிகளுக்கு,

"மேற்படி மனு பொது நலன் கருதி ஏற்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது."

பட்டாசு தயாரிக்க உரிமம் கேட்டு 2022 டிசம்பரில் மனு கொடுத்தேன். 2025 ஜூனில் தபாலில் வந்த பதில் இந்த ஒரே வரிதான். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது சொல். இரண்டரை வருடத்தில் நான் கொடுத்த வரைபடங்கள், சான்றுகள், இடத்தைப் பார்க்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போன குறிப்புகள், எதைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. இடம் சரியில்லையா, தூரம் போதவில்லையா, ஆள் சரியில்லையா, எதுவும் தெரியவில்லை.

இரண்டு மாவட்டங்களில் எது, எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் காலத்துக்குள் என் கோப்பைப் பார்த்த அதிகாரிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒருவர் மேல் பழி போட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே அனுபவத்தைச் சொல்கிற சிலரை எனக்குத் தெரியும். அதனால் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கோயில் திருவிழாவுக்கு வாணவெடி செய்கிற வாணக்காரர் வீட்டுப் பிள்ளை. மாரியம்மன் பண்டிகை, திரௌபதி அம்மன் கோயில் படுகளம், தேர் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே திருவிழா என்றாலும் தாத்தாவுக்குத்தான் முதலில் வெற்றிலை பாக்கு வரும். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும்தான் அவருடைய சரக்கு. பூச்சட்டியில் பொன் நிறப் பொறி பறக்க, கொல்லன் பட்டறையில் விழுகிற அரப்பொடியைச் சலித்து வாங்கி வருவார். எந்தக் கரியில் எந்த வேகம் என்று அவருக்கு விரல்நுனியில் தெரியும். அப்பா அதே தொழிலை உரிமத்தோடு செய்தார். சிவகாசிப் பக்கம் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று சொல்வார்களே, 15 கிலோ வெடிமருந்து வரைக்குமான அந்தச் சிறிய உரிமம். முழங்கால் முடியாமல் போனதும் அவர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அப்போது நான் ஊரில் இல்லை.

சிவகாசிப் பக்கம் ஒரு ஆலையில் பதினோரு வருடம் இருந்தேன். குழாயில் மண் அடைக்கிற வேலையில் சேர்ந்து, வெடிமருந்து செலுத்துகிற அறைக்குப் போய், கடைசி நான்கு வருடம் போர்மேனாக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் மனுவுக்கே அதுதான் அடிப்படை. மருந்துக் கலவை விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அறைக்குள் போகும்முன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் கையை வைக்க வேண்டும், உடம்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்குவதற்காக. தரையில் ரப்பர் விரிப்பு. பருத்தித் துணிதான். நைலான் சேலை கட்டி வந்தால் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அன்றைக்கு உள்ளே விடமாட்டோம். சேர்ந்த புதிதில் ஒரு நாள் மாலை, சல்லடையில் மீந்திருந்த ஒரு கைப்பிடி மருந்தை நாளைக்கு ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் மெதுவாக வாங்கிக்கொண்டு, கழிவு எரிக்கிற திட்டு வரைக்கும் அவரே நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். "ராத்திரி ஈரம் இழுத்துச்சுன்னா காலையில நீ மூடியத் திறக்கும்போது அது சூடா இருக்கும் தம்பி" என்றார். அவ்வளவுதான். அன்றைய மருந்து அன்றைக்கே தீர வேண்டும் என்பதை எனக்கு இன்னொரு முறை யாரும் சொல்லவில்லை.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்கான தடையை மறுபடியும் உறுதியாகச் சொன்னபோது எங்கள் ஆலையில் வேலை குறைந்தது. பச்சை உப்பு என்று நாங்கள் சொல்வது அந்த பேரியம் நைட்ரேட்டைத்தான். பாதி ரகங்கள் அதை நம்பித்தான் இருந்தன. நான் ஊர் திரும்பினேன். எங்களுக்கு நாலு ஏக்கர் புன்செய், சாமையும் கொள்ளும் விதைக்கிற மேட்டு நிலம், சுற்றிலும் வீடு கிடையாது. அப்பா செய்த அதே 15 கிலோ அளவுக்கு, கோயில் வாணமும் பூச்சட்டியும் சக்கரமும் செய்யலாம் என்று முடிவு செய்தேன். உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை. என் மனுவில் சரவெடியும் இல்லை, பச்சை உப்பும் இல்லை. சத்தத்துக்கு நான்கு மீட்டரில் 125 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. நான் செய்ய நினைத்தது கண்ணுக்கு, காதுக்கு அல்ல. இதையெல்லாம் மனுவோடு தனித்தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் எட்டு மாதம் பட்டாவிலேயே போனது. நிலம் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்த கூட்டுப் பட்டா. தனிப் பட்டா இல்லாமல் மனுவை நகர்த்த முடியாது என்றார்கள். நியாயம்தான். உட்பிரிவுக்கு மனு, நில அளவையருக்குக் காத்திருப்பு, அவர் வந்த நாளில் பெரியப்பா வீட்டில் சாவு, மறுபடி தேதி. சிட்டா, அடங்கல், புலப்பட நகல், வில்லங்கச் சான்று எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்து மூன்று மாதம் கழித்து, வில்லங்கச் சான்று பழசாகிவிட்டது, புதிதாக வாங்கி வாருங்கள் என்று வந்தது. பழசானது என் கையில் இருந்தபோது அல்ல, கோப்பில் இருந்தபோது.

வருவாய்த் துறை ஒரு நாள் வந்தது. காவல் துறை வேறொரு நாள். தீயணைப்புத் துறை அதற்கும் நான்கு மாதம் கழித்து. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிலிருந்து டேப்பைப் பிடித்தார்கள். ஒருவர் கிணற்றிலிருந்து அளந்தார், இன்னொருவர் வண்டிப் பாதையிலிருந்து. இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. எல்லோரும் ஒரே நாளில் வந்து ஒரே கல்லிலிருந்து அளந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

இதற்கிடையில் மேற்குப் பக்கத்து நிலம் கைமாறியது. ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, எங்கள் பக்கம்கூட மேட்டு நிலத்தை மனை போடலாமா என்று ஆள் வந்து பார்த்துப் போகிறார்கள். வாங்கியவர் எங்கள் வேலியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மோட்டார் ரூம் கட்டி, அதை ஒட்டி ஆள் தங்க ஒரு தகரக் கொட்டகையும் போட்டார். அவர் நிலம், அவர் கட்டுகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் மனு கொடுத்த நாளில் அங்கே ஒன்றுமே இல்லை. ஆள் தங்கும் கட்டடம் பாதுகாப்பு தூரத்துக்குள் இருக்கிறது என்று ஆட்சேபம் எழுதினார்கள். சரி என்று மருந்து அறைகளைக் கிழக்கே தள்ளி வைத்துப் புது வரைபடம் போட்டேன். வரைபடத்துக்கு மட்டும் இரண்டாவது முறை செலவு. கோப்பு நிற்கிற ஒவ்வொரு மாதமும் நிலத்தைச் சுற்றி ஊர் நெருங்கி வருகிறது. காத்திருக்க வைப்பதே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்துவிடும் தொழில் இது. இதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உரிமம் வந்தால் கடன் என்கிறது வங்கி. அங்கீகரித்த வரைபடப்படி வேலியும் அறைகளும் இடிதாங்கியும் இருந்தால்தான் உரிமம். கட்ட வேண்டிய பணமோ வங்கியில் இருக்கிறது. மனைவியின் நகை அடகில் போய் வேலி வந்தது. வேலி இன்னும் நிற்கிறது, உள்ளே கொள்ளு விதைத்திருக்கிறோம்.

ஊர்க் கூட்டத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊராட்சியில் என் மனுவைப் பேச எடுத்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்து, "வெடிச்சா எங்க வீடு என்னாகும், அத மொதல்ல சொல்லு" என்று கேட்டார். இந்த இரண்டரை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினேன். இது மருந்து கலக்கிற அறை, இதற்குள் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் இருக்கும், இது மண் அணை, கதவு வெளிப்பக்கம் திறக்கும், அடுத்த அறை இவ்வளவு தள்ளி, உங்கள் வீடு இதோ இங்கே. அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. கடைசியில் அந்த அம்மா, "எழுதிக் குடு, எழுதினபடி செய்யலைன்னா நானே வந்து பூட்டுறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளின் நகலும் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது.

இனி நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்பதற்கு வருகிறேன். தெரியாமல் எழுதவில்லை.

என் கோப்பு உங்களிடம் இருந்த காலத்தில்தான் 2023 மார்ச்சில் பென்னாகரம் அருகே நாகதாசம்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. ஒன்பது பேர் போனார்கள், பக்கத்துக் கட்டடங்கள் தரைமட்டம். அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. தீபாவளிச் சமயத்தில் நாலு காசு சேர்க்கலாம் என்று போன பிள்ளைகள். அரூர்ப் பக்கம் அம்மாபேட்டை என்கிற ஒரே ஊருக்கு மட்டும் எத்தனை உடல்கள் வந்தன என்பது உங்களுக்கும் தெரியும். 2025 பிப்ரவரியில் கம்பைநல்லூரில் மூன்று பெண்கள்.

அத்திப்பள்ளிச் சேதி வந்த இரவு நான் தூங்கவில்லை. கிடங்கில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்து, ஒரே வழியை விட்டு, பழக்கமில்லாத பையன்களை உள்ளே நிறுத்தி வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் ஒரு மாதம் இருந்தவனுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது ஒருவர், தீ என்று சத்தம் கேட்டால் சாமானைப் பார்க்காதே, இந்தப் பக்கம் ஓடு என்று சொல்லியிருப்பார்களா என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பட்டாசு என்ற சொல்லைப் பார்த்ததும் உங்கள் பேனா நிற்பதைப் புரிந்துகொள்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் என்ன நடந்தது என்று உரிமத்துக்குக் காத்திருப்பவனின் இடத்திலிருந்து பாருங்கள். நாகதாசம்பட்டிக்குப் பிறகு, "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள். பழையபேட்டைக்குப் பிறகு, "இப்போ யாரும் தொட மாட்டாங்க" என்றார்கள். அத்திப்பள்ளிக்குப் பிறகு என்னை உட்காரச் சொல்லக்கூட யாரும் இல்லை. ஒவ்வொரு முறையும் வாய் வார்த்தைதான், ஒரு தாள் கிடையாது. விபத்தில் எது தவறாகப் போனதோ அது என் வரைபடத்திலும் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், கோபத்தோடு மறுத்திருந்தாலும், அதை ஏற்றுக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கையெழுத்துப் போடாததால் இந்தப் பகுதியில் மருந்து கலப்பது நின்றுவிட்டதா? நிற்கவில்லை. பண்டிகை வந்தால் வாணம் வேண்டும் என்கிறது ஊர். பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் யானை இறங்கினால் வெடி வெடித்துத்தான் விரட்டுகிறார்கள். வாங்க ஆள் இருக்கும்போது செய்ய ஆள் வந்துவிடும். மாட்டுக் கொட்டகையில், தென்னந்தோப்புக் கிணற்று மேட்டில், வீட்டுப் பின்கட்டில். சட்டத்தில் உரிமமில்லாமல் தயாரித்தால் 3 வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தை ஒரு பெரிய பண்டிகை ஆர்டரில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வேலிக்குப் போன செலவில் அவர்கள் பல வருடம் ஒளிந்து ஓட்டிவிடுவார்கள்.

என் இடத்தில் வேலைக்கு வரலாம் என்று ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், எல்லோரும் பெண்கள். நூறு நாள் வேலை தொடர்ந்து கிடைக்காதவர்கள், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக முடியாதவர்கள். மருந்து எதுவும் இல்லாமல், வெறும் மண்ணை வைத்தே அவர்களுக்குக் குழாய் நிரப்பப் பழக்கிக்கொண்டிருந்தேன். எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு அழுத்தலாம், கதவுக்கு முதுகு காட்டக்கூடாது, ஓட வேண்டியிருந்தால் செருப்பைத் தேடக்கூடாது. ஒரு வருடம் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. அவர்களில் ஒரு அக்காவை இந்த மாசி மாதம் சந்தையில் பார்த்தேன். விரல் இடுக்கில் சாம்பல் நிற அலுமினியப் பவுடர். எங்கே வேலை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "நீ சொன்ன மாதிரி கதவப் பாத்துதான் உட்கார்றேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த இடத்துக்கு எத்தனை கதவு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த இடம் உங்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இதைத்தான் சொல்ல வந்தேன். உரிமம் என்பது எனக்குச் சலுகை அல்ல. மருந்து எங்கே இருக்கிறது, எத்தனை கிலோ, எத்தனை பேர், யார் பொறுப்பு என்பதை அரசாங்கம் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி அது. உரிமம் கேட்டு வருகிறவன் தன் வாசலைத் தானே திறந்து, வந்து பாருங்கள் என்கிறான். அவனைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்குத் தெரியாத இடங்கள்தான் பெருகும்.

விதியைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. தூரத்தைக் குறைக்காதீர்கள். அறைக்கு நான்கு பேர் என்றால் ஐந்தாவது ஆளை விடாதீர்கள். மரத்தடியில் வைத்து வேலை வாங்குவதும், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க இன்னொருவருக்கு உள்குத்தகை விடுவதும்தான் எத்தனையோ சாவுக்குக் காரணம் என்பதைச் சிவகாசியில் கண்ணால் பார்த்தவன் நான். என் இடத்தில் அப்படி நடந்தால் மறுநாளே பூட்டுங்கள். ஊர்க் கூட்டத்தில் அந்த அம்மாவிடம் எழுதிக் கொடுத்ததை உங்களிடமும் எழுதித் தருகிறேன்.

வெடிபொருளைக் கண்காணிப்பது நம் மாவட்டங்களுக்குப் புதிதும் இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி சுற்றிலும் ஜல்லிக் குவாரிகளில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். அதற்கு உரிமம், இருப்புப் பதிவேடு, தகுதிச் சான்று பெற்ற ஆள் என்று ஒரு முறை இருக்கிறது. குறைகள் இருக்கலாம், ஆனால் முறை இருக்கிறது. 15 கிலோ வாணத்துக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம் இல்லாமல் போனது ஏன்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயும் நாட்டு வெடிதான், கோயில் வாணமும் நாட்டு வெடிதான் என்று செய்திகளில் ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அவுட்டுக்காய் என்பது யானையின் வாயைச் சிதைக்கிற கொலைச் சாமான். அதைச் செய்கிறவனையும் உரிமம் கேட்டு வரிசையில் நிற்கிறவனையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம், பிரிவு 6சி. உரிமம் மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், மனுதாரர் கேட்டால் அதைச் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. காரணத்தைச் சொல்வதே பொது நலனுக்குக் கேடு என்று அதிகாரி கருதினால் மட்டும் சொல்லாமல் இருக்கலாம். ஒரு கோயில் வாணக்காரரின் 15 கிலோ மனுவில் அப்படி மறைக்க வேண்டிய காரணம் என்ன இருக்க முடியும்? மேல்முறையீடு செய்யவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஒன்பது சொல்லில் எதை மறுத்து நான் மேல்முறையீடு எழுதுவது? தூரம் போதாது என்றால் அளந்து காட்டலாம். எனக்குத் தகுதியில்லை என்றால் சான்றைக் காட்டலாம். "பொது நலன்" என்ற இரண்டு சொல்லுக்கு எந்தத் தாளை நான் பதிலாக வைப்பது?

ஆகவே என் கோரிக்கைகள்.

முதலாவது, என் மனு நிராகரிக்கப்பட்டதற்கான காரணத்தை, பிரிவு 6சி சொல்கிறபடி எழுத்தில் கொடுங்கள். எனக்கு மட்டும் அல்ல, இரண்டு மாவட்டங்களிலும் இதுபோல ஒரு வரிப் பதில் வாங்கிய எல்லோருக்கும் கொடுங்கள். காரணம் சரியாக இருந்தால் நான் அந்த நிலத்தில் கொள்ளு விதைத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

அடுத்தது, தேவையான ஆவணங்களின் முழுப் பட்டியலை மனு வாங்குகிற நாளிலேயே ஒரே தாளில் கொடுங்கள். வருவாய், காவல், தீயணைப்பு, தொழிலகப் பாதுகாப்பு என்று யார் யார் இடத்தைப் பார்க்க வேண்டுமோ அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து வரட்டும். மனுதாரர் முன்னால் அளந்து, அந்த அளவுகளைக் குறித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டு ஒரு நகல் கொடுங்கள். மனு கொடுத்த நாளில் இருந்த நிலவரத்தைப் படத்தோடு பதிவு செய்யுங்கள். பிறகு பக்கத்தில் கட்டடம் வந்தால், யார் காத்திருந்ததால் அது வந்தது என்பதாவது தெரியும்.

பதில் சொல்ல ஒரு கெடு வேண்டும். எத்தனை மாதம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். விபத்து நடந்தால் நிலுவையில் உள்ள கோப்புகளை வாய் வார்த்தையால் நிறுத்தாதீர்கள். அந்த விபத்தின் காரணத்தை வைத்து அவற்றைத் திரும்பச் சோதியுங்கள், அதையும் எழுத்தில் செய்யுங்கள்.

கடைசியாக, உரிமத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று. இதை நீங்கள் இந்த வருடமே செய்ய முடியும். தீபாவளிக்கு முன்னால் அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கமும் பட்டாசுக் கடை, கிடங்கு வேலைக்குப் போகிறார்கள். புரட்டாசி பிறந்ததும் ஊர் ஊராக ஒரு நாள் பயிற்சி நடத்துங்கள். சிவகாசியில் இருக்கிற பயிற்சியாளர்களை இங்கே வரவழையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை யாரும் ஏற்றிக்கொண்டு போகாமல் பாருங்கள். பயிற்சிக்கு ஆள் போதவில்லை என்றால் நான் வருகிறேன். கூலி வேண்டாம், பேருந்துச் செலவும் வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கிற கதவு எது, ஓட வேண்டிய திசை எது என்பதை மண்ணில் வரைந்து காட்ட எனக்கு ஒரு சாக்கட்டி போதும்.

என் மனு எண், ஊர், பெயர், கைப்பேசி எண் எல்லாம் எழுதிய நகல் பதிவுத் தபாலில் தனியாக வந்து சேரும். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லையோரக் கிராமத்திலிருந்து
ஒரு வாணக்காரர் வீட்டுப் பிள்ளை